செத்தவனுக்கு மூன்று சட்டை

சிரித்திருக்கக் கூடாது. அதுவும் மூக்கு வழியாக.

தையல்காரர் சட்டென்று தலையைக் குனிந்து மெஷினை வேகமாக மிதித்தார். பயனில்லை. எதிரே சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவியின் ஊசி அந்தரத்தில் நின்றுவிட்டது.

"இப்ப எதுக்குச் சிரிச்சீங்க?"

"யாரு, நானா? தும்மல்."

"உங்க தும்மல் எனக்குத் தெரியாதா? தெருமுனை வரைக்கும் கேக்கும். கொழுந்தன் பொண்டாட்டிதான் டாக்டருக்கு விஷம் வெச்சான்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

இந்த டாக்டரிடம் யாரும் ஊசி போட்டுக்கொண்டதில்லை. அவர் 'இரண்டாவது சாவி' என்ற டிவி மர்மத் தொடரில் வருகிறவர். போன மாதம் பாலத்தில் நடந்து போகும்போது தலை சுற்றி ஆற்றில் விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் சாம்பாரில் உப்பு சரியாக விழுந்ததில்லை. 'சாவி உளவுப்படை' என்ற வாட்ஸப் குழுவுக்குத் தலைவி தையல்காரரின் மனைவிதான். அங்கே அவள் பெயர் காஜா ராணி. படையில் ஒரு ஓய்வு பெற்ற போலீஸ்காரர், இரண்டு நர்ஸுகள், ஒரு பஸ் கண்டக்டர், இன்னும் யார் யாரோ. இவர்கள் யாருக்கும் வேறு வேலையே கிடையாதா என்று தையல்காரர் அடிக்கடி கேட்பார், மனதுக்குள்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தொடருக்கு உடை தைப்பதே இவர் கடைதான். துணி கொண்டு வந்து கொடுக்கிற காஸ்ட்யூம் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "கதை உங்க கடை வாசலைத் தாண்டினா, துணி வேற கடைக்குப் போயிடும்." வெறும் மிரட்டல் இல்லை. இவருக்கு முன்னால் தைத்தவர், கதாநாயகியின் கவுனுக்கு இடுப்பைத் தளர்த்தச் சொன்னார்கள் என்று மச்சானிடம் உளறினார். நாயகி கர்ப்பம் என்பது மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவர் இப்போது பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம், டாக்டராக நடித்தவரே இவருக்குப் போன் செய்தார்.

"அண்ணே, என் அளவு உங்ககிட்ட இருக்குல்ல? இளநீலத்துல மூணு சட்டை வேணும். மூணும் அச்சு அசலா ஒரே மாதிரி. தயவு செஞ்சு யாருக்கும் தெரிய வேணாம்ணே."

படப்பிடிப்புக்குத் தைப்பவர்களுக்கு இது பாலபாடம். ஒரே மாதிரி மூன்று சட்டை என்றால் சண்டைக் காட்சி. ஒன்று கிழிய, ஒன்று நனைய, ஒன்று ரத்தக் கறைக்கு. செத்தவன் யாரோடு சண்டை போடுவான்? ஆகவே டாக்டர் சாகவில்லை! பாதி தைத்த சட்டைகளை வெட்டுமேஜைக்கு அடியில் பழைய திரைச்சீலைக்குள் சுருட்டி ஒளித்து வைத்திருந்தார். இந்த நிலைமையில் விஷம், கொழுந்தன் பொண்டாட்டி என்றால் மனுஷனுக்குச் சிரிப்பு வராதா?

"சரி, உண்மையைச் சொல்றேன்" என்றார். "அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்தா விஷம் வைக்கிறவ மாதிரியா இருக்கு? அதான் சிரிச்சேன்."

மனைவி ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்துக் குழுவில் எழுதினாள்: 'உள்ளிருந்து வந்த தகவல்: கொழுந்தன் மனைவி நிரபராதி.'

குழு கொதித்தது. விஷமே வைக்கவில்லை என்றால் தலை ஏன் சுற்றியது? நடிப்பா? போலீஸ்காரர் எழுதினார்: 'என் அனுபவத்தில் சொல்கிறேன். நடிப்பு என்றால் சாவும் நடிப்புதான்.'

மனைவி இதை உரக்கப் படித்ததும் தையல்காரர் காலருக்குப் போட வேண்டிய தையலைத் தன் சட்டைக் கைக்கே போட்டுக்கொண்டார்.

"டாக்டர் செத்தது செத்ததுதான்!" என்று கத்தினார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே. எதுக்கு இப்படிப் பதறுறீங்க?"

"பதறல."

"அப்ப ஏன் மெஷினோட சேர்த்து உங்களைத் தெச்சுக்கிட்டிருக்கீங்க?"

அவள் கத்தரிக்கோலை எடுத்து அவரை விடுவித்தாள். பிறகு குழுவில் எழுதினாள்: 'பதறுகிறார்.' அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மாலைக்குள் 'டாக்டர் உயிரோடு இருக்கிறார்' என்பது கண்டக்டர் வழியாகப் பஸ்ஸில் ஏறி ஊரைச் சுற்றிவிட்டது.

நுணலும் தன் வாயால் கெடும். இனி வாயையே திறப்பதில்லை என்று தையல்காரர் முடிவு செய்தார். மறுநாள் முழுக்கப் பேசவில்லை. காபி வேண்டுமா என்றால் தலையாட்டினார். வாடிக்கையாளர் கை நீளம் கேட்டால் விரலைக் காட்டினார். மனைவி அதையும் எழுதினாள். 'பேச மாட்டேன்கிறார். வாயை அடைத்துவிட்டார்கள்.'

அதற்கு அடுத்த நாள் மாமியாரிடமிருந்து போன் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து 'என் பொண்ணைப் பொத்தான் தைக்க வெச்சுட்டாரே' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாமியார்.

"மாப்ளே, நல்லாருக்கீங்களா? உங்க கைத்தொழிலைப் பத்திப் பெருமையா பேசிக்கிட்டிருந்தேன். எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. டாக்டர் எங்க இருக்காரு?"

"எனக்குத் தெரியாது அத்தே."

"தெரியாதுன்னா 'எந்த டாக்டர்'னு இல்ல கேட்டிருப்பீங்க?"

இந்தக் குடும்பத்தைப் போலீஸில் சேர்த்திருந்தால் நாட்டில் ஒரு திருடன் மிஞ்சியிருக்க மாட்டான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வெட்டுமேஜைக்கு அடியில் மனைவியின் பாதி உடம்பு தெரிந்தது. பழைய திரைச்சீலையைத் துவைக்க எடுத்தாளாம். எழுந்தபோது கையில் இளநீலச் சட்டை. அதைத் தோள் இரண்டையும் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் கண் விரிந்தது.

"இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு. இது டாக்டர் தோள்!"

இனி முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது? அந்தச் சாய்ந்த தோளுக்கு இத்தனை நாள் காஜா எடுத்தவள் அவள்தானே. தையல்காரர் வாசல் கதவைச் சாத்தினார்.

"இங்க பாரும்மா. இது வெளிய போச்சுன்னா நம்ம பொழப்பு போச்சு. நாளைக்கு நீயும் நானும் பைக்கு ஜிப்தான் மாத்தணும்."

அவள் முகம் சுருங்கியது. போனை எடுத்துப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஐயோ, நம்ம சோத்துல நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேனா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. அங்கேதான் மறுபடியும் புத்தி கோணியது. டாக்டர் உயிரோடு இருப்பதை மறைக்க வேண்டும், அவளையும் தேற்ற வேண்டும். ஒரே பொய்யில் இரண்டையும் முடித்துவிடலாமே?

"அழாதே. நீ ஒண்ணும் கெடுக்கல. டாக்டர் செத்தாச்சு. இது அவரோட அண்ணனுக்கு."

"அண்ணனா?"

"இரட்டைப் பிறவி. அதான் தோளும் அதே மாதிரி."

அவள் அழுகை நின்ற வேகம் இருக்கிறதே, குழாயை மூடினால்கூட அத்தனை சீக்கிரம் நிற்காது.

"சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க."

சொல்லவும் இல்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா தன் அக்காவிடம் மட்டும் சொன்னாள். அந்த அக்கா உளவுப்படையில் ஒரு நர்ஸுக்கு மாமியார். மறுநாள் பொழுது விடிந்தபோது எல்லார் போனிலும் டாக்டரின் படம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாக ஒட்டப்பட்டிருந்தது. ஒன்றுக்கு மட்டும் யாரோ மீசை வரைந்திருந்தார்கள். பால்காரர் பாலை ஊற்றிவிட்டு, "மூத்தவர் எப்ப சார் வர்றாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மதியம் காஸ்ட்யூம் மேடத்திடமிருந்து போன்.

"இரட்டைப் பிறவின்னு ஒரு கதை சுத்துதே, கேள்விப்பட்டீங்களா?"

"அ... அப்படியா மேடம்?"

"எங்கிருந்து கெளம்புச்சுன்னு டைரக்டர் தேடிக்கிட்டிருக்காரு. நாளைக்குக் காலைல கடையிலயே இருங்க. ஆள் அனுப்புறேன்."

அவ்வளவுதான். தையல்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் மெஷினையும், தொங்குகிற உடைகளையும், சுவரில் மேடம் மாட்டிவிட்டுப் போன தொடரின் போஸ்டரையும் பார்த்தார்கள்.

"நான் போய் மேடம் கால்ல விழறேன். என்னாலதானே எல்லாம்" என்றாள் அவள்.

"நீ ஏன் விழணும்? சிரிச்சவன் நான்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாருன்னு விட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, குழுவில் 'காஜா ராணி விடைபெறுகிறாள்' என்று எழுதி வெளியேறினாள். அவளுக்கு அது எத்தனை பெரிய தியாகம் என்று அவருக்குத் தெரியும். உளவுப்படையோ, தலைவியைக் கடத்திவிட்டார்கள் என்று உடனே பேச ஆரம்பித்தது.

மறுநாள் காலை கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். மனைவியின் கையிலிருந்த பொத்தான் டப்பா கீழே விழுந்து கடை முழுவதும் சிதறியது.

"நீங்க... டாக்டரா, இல்ல அவரோட அண்ணனா?"

வந்தவர் சங்கடமாகச் சிரித்தார். "அண்ணே, முதல்ல அந்த மூணு சட்டையும் தைக்க வேணாம்னு சொல்லிடறேன்."

தையல்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காட்சியையே தூக்கிவிட்டார்கள்! பொத்தான்களுக்கு நடுவில் அப்படியே முட்டி போட்டார்.

"மன்னிச்சுக்கங்க தம்பி. ரகசியத்தை வெளிய விட்டது நான்தான். நீங்க உயிரோட இருக்கீங்கங்கறதை மறைக்கப் போயி, இரட்டைப் பிறவின்னு நானா ஒரு கதை கட்டினேன். உங்க பொழப்புலயும் கை வெச்சுட்டேன். மேடம்கிட்ட சொல்லி, இவளை மட்டுமாவது வேலைக்கு வெச்சுக்கச் சொல்லுங்க. இவ மாதிரி காஜா எடுக்க ஆளே கிடையாது."

மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் முட்டி போட்டாள். வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து தையல்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எந்த ரகசியம்ணே? ஆத்துல விழுந்தப்பவே கதையிலேர்ந்து என்னை நெஜமாவே தீர்த்துக் கட்டிட்டாங்க, அந்த மூணு சட்டை லாட்ஜுல எனக்குக் கெடச்ச வேலைக்கு யூனிஃபார்ம். இப்ப ஊரே அண்ணன் அண்ணன்னு கத்துதுன்னு அந்த அண்ணனா நடிக்க டைரக்டர் என்னைத் திரும்பக் கூப்பிட்டு, புதுச் சட்டை தைக்கச் சொல்லிட்டு வான்னு அனுப்பியிருக்காரு!"