பெனால்டி வேண்டாம் சார்

ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே பெனால்டி கிடைத்தது. கோல் கட்டத்துக்குள் முன்வரிசை ஆட்டக்காரன் மின்னல் விழுந்தான். நடுவர் விசில் ஊதினார். மின்னல் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, நேராக நடுவரிடம் போனான்.

"பெனால்டி வேண்டாம் சார். யாரும் என்னைத் தட்டல. நானாத்தான் விழுந்தேன்."

நடுவர் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு முடிவை மாற்றினார். இந்தப் பிரிவு ஆட்டங்களில் கோட்டு நடுவர்கள் கிடையாது. எல்லாம் அவர் ஒருவர்தான்.

கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் மெல்லத் திரும்பி, பக்கத்தில் நின்ற போதகரைப் பார்த்தார். போதகர் அவருடைய அக்கா கணவர். அணிக்கு ஜெபம் செய்ய அவரை அழைத்து வந்ததே பயிற்சியாளர்தான்.

"அத்தான், உள்ள என்ன பேசினீங்க?"

"வழக்கமா பேசுறதுதான் மாப்ளே. ரெண்டு நிமிஷம்."

"எதைப் பத்தி?"

"உண்மையைப் பத்தி."

ஏழு மாதமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் போதகர் உடைமாற்றும் அறையில் இரண்டு நிமிடம் பேசி வந்தார். அந்த இரண்டு நிமிடத்தில் பையன்கள் ஷூ லேஸ் கட்டினார்கள், கொட்டாவி விட்டார்கள், ஆமென் மட்டும் சேர்ந்து சொன்னார்கள். இன்று குறிப்புத் தாளை வீட்டில் மறந்துவிட்டார். "கடவுளுக்குத் தெரியுறது ரெஃப்ரிக்கும் தெரியட்டும்" என்று மனதில் பட்டதைச் சொல்லி முடித்தார். ஒருவனும் கொட்டாவி விடவில்லை.

தன் பிரசங்கத்தை ஒருவன் கேட்டு, அதன்படி நடந்தும் காட்டியதில் போதகருக்கு உள்ளம் குளிர்ந்தது. ஆனால் வெளியே காட்டிக்கொள்ள முடியவில்லை. இன்று தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். சமன் செய்தாலே போதும்.

"தோத்தா எனக்கு வேலை போயிடும் அத்தான். அப்புறம் மூணு வேளையும் உங்க வீட்லதான் சாப்பாடு. அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"ஒரு பையன்தானே மாப்ளே. விடு."

ஒரு பையனோடு நிற்கவில்லை. இருபதாவது நிமிடம், பந்து மின்னல் அணியின் கோலுக்குப் பக்கத்தில் வெளியே போனது. பந்து மின்னலின் அணிக்குத்தான் என்று நடுவர் கை காட்டினார். தடுப்பாட்டக்காரன் ஒருவனை அணியில் பீரோ என்பார்கள். யாராலும் நகர்த்த முடியாது. அவன் கையைத் தூக்கினான்.

"கடைசியா என் கால்லதான் சார் பட்டுச்சு. அவங்களுக்குக் கார்னர்."

அந்தக் கார்னரில் எதிரணி கோல் போட்டது. பீரோவின் முகத்தில் அப்போதுதான் ஞானஸ்நானம் எடுத்தவனின் அமைதி இருந்தது.

இடைவேளையில் பயிற்சியாளர் போதகரின் முழங்கையைப் பிடித்தார்.

"உள்ள போய்ப் பிரசங்கத்தைத் திரும்ப வாங்கிக்கங்க."

"அது எப்படி மாப்ளே முடியும்?"

"அப்போ கொஞ்சம் தண்ணியாவது ஊத்துங்க."

போதகர் உள்ளே போய்த் தொண்டையைச் செருமினார். "பொய் சொல்லக் கூடாது. அதுக்காக ஓடிப்போய்ச் சொல்லணும்னும் இல்ல. கேட்டா சொன்னா போதும்."

பையன்கள் ஆமென் என்றார்கள்.

நிலைமை இன்னும் மோசமாயிற்று. தப்பு செய்தவன் இப்போது நின்ற இடத்திலேயே நின்று, கேட்க மாட்டாரா என்று நடுவரின் முகத்தையே பார்த்தான். பந்து அவனைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. பீரோ ஒருவனின் சட்டையை இழுத்துவிட்டு அப்படியே நின்றான்.

"என்னப்பா?" என்றார் நடுவர்.

மடை திறந்தது போல் பீரோ எல்லாவற்றையும் சொன்னான். பாஸ்டர் பேசியதையும், போன மாத ஆட்டத்தில் செய்ததையும் சேர்த்துச் சொன்னான்.

"அத்தான், இது மேட்சா, சாட்சிக் கூட்டமா?"

போதகர் யோசித்தார். "நான் பேசினதைக் கேக்காதவன் யாராவது இருக்கானா?"

"லேட்டு இருக்கான். முதல் தடவை பஸ்ல இருந்தான். ரெண்டாவது தடவை பாத்ரூம்ல."

"அவனை இறக்கு."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது போதகருக்கு உறைத்தது.

லேட்டு இறங்கிய ஏழாவது நிமிடம் கோல் போட்டான். பயிற்சியாளர் போதகரை இடுப்போடு தூக்கிச் சுற்றினார். போதகர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு யோசித்தார். எதிரணிக் கோல்கீப்பர் குப்புறக் கிடந்தான். மற்றவர்கள் பார்வையை லேட்டுவின் முதுகு மறைத்திருந்தது. போதகர் நின்ற பக்கத்திலிருந்து மட்டும் நன்றாகத் தெரிந்தது. லேட்டு பந்தைக் கையால் தள்ளியிருந்தான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை என்று போதகர் தனக்குச் சொல்லிக்கொண்டார். இரண்டு முறை சொல்லிக்கொண்டார். அப்போது மின்னல் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு, கண்ணை மூடி, அந்தக் கோலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னான்.

"இறக்கி விடு மாப்ளே."

"எங்க போறீங்க? அத்தான், அக்காமேல ஆணை, போகாதீங்க."

போதகர் கோட்டைத் தாண்டினார். கறுப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் நடந்தார்.

"சார், அது கை. நான் பார்த்தேன்."

கோல் ரத்தானது. பயிற்சியாளர் நிஜமாகவே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரணியினர் சேற்றில் திரும்பி நடந்த போதகரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நிமிடம். மின்னல் அடித்த பந்து கோல் முன்னே கூட்டத்தில் எதிலோ மோதி வெளியே போனது. எதிரணித் தலைவன் இரண்டடி நடந்தான். நின்றான். தாடியைச் சொறிந்தான். பிறகு, கசப்பு மருந்து குடிக்கப் போகிறவன் போல நடுவரிடம் போனான்.

"என் கைல பட்டுச்சு சார். வேணும்னுதான் தூக்கினேன்."

பெனால்டி. இந்த முறை மின்னல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்து வலையில் விழுந்தது, விசில் ஒலித்தது, ஆட்டம் சமன். பயிற்சியாளர் துண்டை வானத்தில் எறிந்துவிட்டு ஓடி வந்து போதகரின் வழுக்கையில் முத்தம் கொடுத்தார். எதிரணித் தலைவன் அழுதுகொண்டே பீரோவைக் கட்டிப்பிடித்து நகர்த்தப் பார்த்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போதகர் நடுவரிடம் போனார்.

"உங்களை ரொம்பப் படுத்திட்டோம் சார். மனசுல வெச்சுக்காதீங்க."

நடுவர் அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"படுத்தினீங்களா? அந்தப் பாஸ்டரைப் பார்த்தா என் நன்றியைச் சொல்லிடுங்க கோச். காலைல கண்ணாடி உடைஞ்சு போச்சு. உங்க பசங்க வந்து வந்து சொல்லலேன்னா, பந்து எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது."