சான் ஹோசேயில் கை நனைக்காமல் குய்ஜோ பார்த்த விவரம்

மரியாதைக்குரிய மச்சான் சுப்பையன் அவர்கள் சமூகத்துக்கு,

சான் ரமோனிலிருந்து கோபாலசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும், உங்கள் தங்கை வசந்தாமணியும், மகள் யாமினியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும், ஜெர்சி சிட்டியில் உங்கள் மகன், மாப்பிள்ளை ரஞ்சித்குமாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க ஆண்டவன் அருள்வானாக. மாப்பிள்ளை என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். இருக்கட்டும், மேலே படியுங்கள்.

இதை வாட்ஸ்அப்பில் போட்டால் பாதி படிக்கும்போதே சொந்தக்காரர் குரூப்புக்குத் தள்ளிவிடுவீர்கள். ஃபோனில் சொல்லலாமென்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். ஆகவே கடிதம்.

தன்னோடு வேலை பார்க்கும் வெய் என்கிற சீனப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று யாமினி சொன்னதும், தாய்மாமன் என்கிற முறையில் உங்களிடம்தானே முதலில் சொன்னேன்? நீங்களும் குதிக்காமல் கொள்ளாமல், "போயி வூட்டப் பாத்துட்டு வாங்க மச்சான், ஆனா கை மட்டும் நனைச்சுப் போடாதீங்க" என்றீர்கள். நம் பக்கத்து வழக்கம் எனக்கா தெரியாது? சம்பந்தம் பேசும் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சாப்பிடாமல் எழுந்து வந்தால் பேச்சு அதோடு சரி. பேச்சு ஆறிப்போனதும் ரஞ்சித்குமாருக்கே பெண்ணை முடித்துவிடலாம் என்பது உங்கள் எண்ணம். நானும் வாக்குக் கொடுத்தேன். வசந்தாமணியிடமும் வாக்கு வாங்கினேன். யாமினியிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் சான் ஹோசேயில் பையன் வீட்டுக்குப் போனோம். பையனின் அப்பா மிஸ்டர் லியு, சீனாவில் குய்ஜோ என்கிற மாகாணத்தில் வாழ்நாள் முழுக்க டூரிஸ்ட் கைடாக இருந்து ஓய்வு பெற்று, மகனோடு வந்து இருப்பவர். வாசலிலேயே கையில் ஒரு சின்ன மஞ்சள் கொடியோடு நின்றார். எங்கள் தலைகளை விரலால் எண்ணிச் சரிபார்த்து, "பிளீஸ் ஃபாலோ மீ" என்று உள்ளே அழைத்துப்போனார். உள்ளே சாப்பாட்டு மேஜை நடுவில் ஒரு அடுப்பு, அதன் மேல் அகலமான சட்டி, அதில் தக்காளி புளிக்கவைத்துச் செய்த மீன் குழம்பு ஒன்று தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கிறது. குய்ஜோக்காரர்கள் காரம் தின்பதில் நம்மைத் தூக்கிச் சாப்பிடுகிறவர்களாம். அந்த மிளகாய் வாசனை மூக்கில் ஏறினதும் உங்களுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது, மதியமும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

"உட்காருங்கள், சாப்பிடலாம்" என்றார் லியு. எப்படியாவது தள்ளிப்போட வேண்டுமே என்று, "சாப்பாடு எங்கே போகிறது, முதலில் உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று சொல்லித் தொலைத்தேன். ஓய்வு பெற்ற கைடிடம் கேட்கிற கேள்வியா அது மச்சான்? மனுஷன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிவியைப் போட்டார், கொடியைத் தூக்கினார், "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், லுக் லெஃப்ட்" என்று தொடங்கினார். முதலில் ஒரு அருவி. ஹுவாங்குவோஷு என்று பேர், பாறையே தெரியாதபடி அகலமாக விழுகிறது. அருவிக்குப் பின்னாலேயே குகை, அதற்குள் நடந்துபோய்த் தண்ணீர்த் திரையின் முதுகுப்பக்கத்தைப் பார்க்கலாம். அப்புறம் ஃபான்ஜிங் என்று ஒரு மலை. உச்சியில் ஒரே பாறை இரண்டாகப் பிளந்து நிற்கிறது, ஒவ்வொரு பாதியின் தலையிலும் ஒரு புத்தர் கோயில், நடுவில் தம்மாத்துண்டு பாலம், சங்கிலியைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். நான் மின்வாரியத்தில் இருந்த காலத்திலேயே கம்பத்தில் ஏறாதவன். எனக்கு சோபாவிலேயே கால் கூசிற்று. பிறகு டோங் மக்களின் மரப்பாலங்கள், மேலே கூரையும் கோபுரமுமாக, ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் கோத்தே கட்டியவை. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கலாம், ஊர்க்கதை பேசலாம். எல்லாம் அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு இடம் முடியும்போதும் அவர் மேஜைப் பக்கம் கையைக் காட்டுவதும், நான் "அப்புறம்?" என்பதுமாக இருந்தால் எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

அடுத்தது மியாவ் மக்களின் கிராமம். மலைச்சரிவு முழுக்க ஆயிரக்கணக்கில் மரவீடுகள், தலையில் வெள்ளிக் கொம்பு வைத்த பெண்கள். ஊருக்குள் நுழையும் விருந்தாளிக்கு வாசலில் மாட்டுக்கொம்பில் அரிசி மது கொடுப்பார்களாம், கொம்பைக் கையால் தொட்டுவிட்டால் முழுவதையும் குடித்தே ஆகவேண்டுமாம். லியு இதைச் சொல்லி வாய் மூடவில்லை, மிஸஸ் லியு அடுக்களையிலிருந்து நிஜமாகவே ஒரு கொம்போடு வந்து வசந்தாமணி வாயருகே நீட்டிவிட்டார். குடிப்பது கை நனைப்பதில் சேருமா சேராதா? உங்களைக் கேட்கலாமென்று ஃபோனை எடுத்தேன், அங்கே நீங்கள் பால் கறக்கும் நேரம். வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க, என்னுங்க பண்றது?" என்று என்னைப் பார்க்கிறாள். "டாக்டர் வேண்டாம்னுட்டாருங்க" என்று நான் கத்தின கத்தில் அந்தம்மாள் பயந்து கொம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் யாமினிக்குப் பொறி தட்டிற்று. என் பக்கம் நகர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, இது அந்தக் கை நனைக்கிற மேட்டரா? மாமா சொல்லிக் கொடுத்தாரா?" என்றாள். நான் டிவியில் அந்த வெள்ளிக் கொம்புகளைப் பார்த்தேன். "வெய் அம்மா ரெண்டு நாளா குக் பண்ணியிருக்காங்கப்பா. நீங்க ரிஜெக்ட் பண்றதா இருந்தா நேரா சொல்லுங்க. இப்படி பசியில உக்காந்து இன்சல்ட் பண்ணாதீங்க." என் மகள் என்னை அப்படிப் பார்த்ததேயில்லை மச்சான். எனக்குப் பயமாக இருந்தது. உங்கள் கோபமாவது கடல் தாண்டி வரவேண்டும், இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

இதற்குள் இன்னொன்றைக் கவனித்தேன். நாங்கள்தான் சாப்பிடவில்லை என்றால் அவர்களும் சாப்பிடவில்லை. வெய் சட்டியைப் பார்ப்பதும் எச்சில் விழுங்குவதுமாக இருக்கிறான், குச்சியைத் தொடவில்லை. கேட்டால், விருந்துக்கு வந்த பெரியவர் முதல் வாய் வைக்காமல் வீட்டுக்காரர் தொடமாட்டார்களாம், அது அவர்கள் வழக்கம். அப்படியானால் அவர்கள் வழக்கம் என் வாய்க்குக் காத்திருக்கிறது, நம் வழக்கம் என் வாயைக் கட்டியிருக்கிறது, நடுவில் மீன் மட்டும் நிம்மதியாகக் கொதிக்கிறது. லியு அடுத்து உலகத்திலேயே உயரமான பாலம் என்று ஒரு பள்ளத்தாக்கைக் காட்டத் தொடங்கினார். கொடி ஆடிற்று. காற்றில் ஆடுவதுபோல நடித்துக் காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் கை நடுங்குகிறது. நெற்றியில் வேர்வை கொட்டுகிறது. "லுக் லெஃப்ட்" என்று வலப்பக்கம் காட்டுகிறார், சொல்லும் குழறுகிறது. என்னைப் போன்ற சர்க்கரை வியாதிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "யாமினி, இவருக்கு சுகர் இறங்குது!" என்று எழுந்துவிட்டேன். மிஸஸ் லியு சீனத்தில் அலற, வெய் முகம் வெளுத்துப்போயிற்று. நாங்கள் வெளியே காரை நிறுத்தும்போதே, இதோ சாப்பாடுதானே என்று மனுஷன் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டாராம்.

வெய் ஆரஞ்சு ஜூஸ் கொண்டு ஓடிவந்தான். லியு வாங்க மாட்டேனென்கிறார். டம்ளரை என் பக்கம் தள்ளுகிறார், என் கிண்ணத்தைக் காட்டுகிறார், "கெஸ்ட் ஃபர்ஸ்ட், கெஸ்ட் ஃபர்ஸ்ட்" என்கிறார். சர்க்கரை இறங்கினால் பிடிவாதம் ஏறும், எனக்கே அனுபவம். கண் செருகுகிறது, வாயை மட்டும் திறக்கவில்லை. யாமினி, "அப்பா, பிளீஸ்ப்பா" என்றாள். அப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. கரண்டியைச் சட்டியில் விட்டு மீனையும் குழம்பையும் அள்ளி வாயில் போட்டு, நாக்கு வெந்தது வேறு விஷயம், "சாப்ட்டாச்சுங்க சார், பாருங்க, சாப்ட்டாச்சு!" என்று வாயைத் திறந்தே காட்டினேன். அதன் பிறகுதான் ஜூஸ் உள்ளே இறங்கிற்று. நான் நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவாரோ, மறுபடியும் இறங்கிவிடுமோ என்று, அவர் தெம்பாகும் வரை நானும் துணைக்குச் சாப்பிட்டபடி இருக்க வேண்டியதாயிற்று. துணைக்குத் துணையாக வசந்தாமணியும் சாப்பிட்டாள்.

ஆகவே மச்சான், தயவுசெய்து சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். இது கை நனைத்தது ஆகாது. முதலுதவி. மயங்கிக் கிடந்தவன் முகத்தில் தண்ணீர் தெளித்ததற்காக யாரும் சம்பந்தி ஆகிவிட முடியாது. இதைத் திரும்பி வரும்போது காரில் யாமினியிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன். அவள் ஃப்ரீவே முழுக்க ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு வயிறு நிறைந்திருந்தது, மனசு சரியில்லை. இருந்தாலும் கொடுத்த வாக்கிலிருந்து நான் அணுவளவும் பிசகவில்லை. இந்தச் சம்பந்தம் ஒப்பாகவில்லை. முடிவு தாய்மாமனாகிய உங்கள் கையில்.

பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரங்களும், சின்னவர்களுக்கு ஆசிகளும் உரித்தாகட்டும். தோட்டமும் மாடுகன்றும் தழைக்கட்டும்.

என்றும் உங்கள் சொல்லை மீறாத,
கோபாலசாமி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுவிட்டு, மரியாதைக்கு ஒரு வார்த்தை விசாரிப்போமே என்று லியுவுக்கு ஃபோன் போட்டேன். நன்றாக இருக்கிறாராம். குய்ஜோவில் இன்னும் பாதிகூடக் காட்டவில்லை, வசந்த காலத்தில் நேரிலேயே அழைத்துப்போகிறேன், பெண்ணின் மாமாவும் வரவேண்டும் என்றார். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வையுங்கள். இன்றைக்கு மதியம் நானும் வசந்தாமணியும் யாரும் கூப்பிடாமலே சான் ஹோசே போனோம். நேராக மேஜையில் உட்கார்ந்து, அந்த மீன் குழம்பை நானே கேட்டு வாங்கி, மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். யாருக்கும் மயக்கம் வரவில்லை.