உப்பில்லாத சொதியும் உன் மகளின் படமும்

குருநகர்,
1992 ஆவணி

அன்பின் தம்பி சிமியோனுக்கு,

நலம் என்று தொடங்குவது வழக்கமாதலால், நலம். கனடாக் குளிரில் நீயும் அவ்வாறிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

அங்குள்ள மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட, என்னோடிருக்கும் உன் மகள் ஸ்ரெல்லாவின் படத்தை உடனே அனுப்பச் சொன்னாய். மின்சாரமில்லாத ஊரில் ஸ்ரூடியோக்காரர் கதவைப் பூட்டிவிட்டதால், இரசாயனப் பட்டதாரி என்ற குற்றத்துக்காக அப்பணி என் தலையில் விழுந்தது. படமெடுப்பதில் பித்தாயிருந்து காலஞ்சென்ற உன் அத்தானின் பெட்டியில் கமராவோடு எஞ்சியிருந்தவை இரண்டு படத்தாள்களும், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ உப்பு ஒரு போத்தலும். ஹைப்போவில் ஊறாத படம் வெளிச்சத்தில் கறுக்கும். ஊறியும் சரியாகக் கழுவாத படம் மஞ்சளிக்கும். இதை அறியாத நீ உறங்குகிறாய். அறிந்த நான் உறங்கவில்லை.

சாமான் அறையை இருட்டாக்கி, போத்தல் விளக்குக்குச் சிவப்புத்தாள் சுற்றி, முதற்படத்தை ஒருவாறு எடுத்து, கிணற்றடியில் நின்ற சமையற்காரி லூர்த்தம்மாவிடம் “இதை நல்லாக் கழுவு” என்று கொடுத்தேன். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடையாத இக்காலத்தில் நாங்கள் உடுப்புத் துவைப்பது பனம்பழத்தில். அவள் படத்தையும் அதிலேயே தேய்த்துவிட்டாள்.

“என்னடி செய்தனீ?”

“நீங்கள்தானே அக்கா நல்லாக் கழுவச் சொன்னனீங்கள். மணந்து பாருங்கோ.”

மணந்தது. பனந்தும்பு ஒட்டி உன் மகளுக்குத் தாடியும் முளைத்திருந்தது.

மிஞ்சியது ஒரே தாள். கலியாணக் கதை எடுத்தாலே எழுந்துபோகும் ஸ்ரெல்லா, “மாமி, நீங்கள் இருங்கோ, ஹைப்போவை நான் கரைக்கிறன்” என்று தானாகவே வந்தாள். நான் உருகிவிட்டேன். ஊறவைத்து, பல தண்ணீர் மாற்றிக் கழுவி, தூசி படாமல் அலுமாரிக்குள் காயவைத்தேன். முகம் தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது. ஆயினும் கழுவியது போதுமா, எங்கள் கிணற்று உவர் என்ன செய்யுமோ என்று பதறிக்கொண்டேயிருக்கிறேன். மதியச் சொதியில் உப்பில்லை. “உப்புப் போத்தல் வெறுமையாக் கிடக்குது அக்கா” என்றாள் லூர்த்தம்மா. இந்தப் பதற்றத்தில் உப்பை யார் தேடுவது?

படத்தைக் கறுப்புத்தாளில் சுற்றி ஒட்டியுள்ளேன். நாளை கொழும்புக்குப் போகும் சந்தியோகு மாஸ்டர் தபாலில் சேர்ப்பார்.

வேளைக்குச் சாப்பிடு, பூசைக்குப் போ. இரண்டையும் செய்யமாட்டாய் என்றறிந்தும் ஆசீர்வதிக்கும்,
அக்கா மரியநாயகி

பி.கு.: ஹைப்போப் போத்தலைத் திருப்பி வைக்கப் போனேன். நிறைந்தபடியே இருக்கிறது. ஸ்ரெல்லாவைக் கேட்டேன்.

“ஓம் மாமி, கல்லுப்புத்தான் போட்டனான். உந்தக் கலியாணம் வேண்டாமெண்டு அப்பாவுக்கு எத்தினை கடிதம் எழுதினன், ஆர் வாசிச்சது?”

கறியுப்பில் ஊறிய படம் வெளிச்சத்தில் சிறிது தாக்குப்பிடித்துப் பின் கறுக்கும். அதை அவளுக்குப் படிப்பித்தவளும் நானே. இப்போதும் பொதியைப் பிரித்து ஹைப்போவில் போட்டால் காப்பாற்றலாம். ஆனால் ஒட்டியாயிற்று, இவ்வூரில் பசை கிடைப்பதும் அரிது. மாப்பிள்ளை வீட்டாரை நல்ல வெளிச்சமான யன்னலடியில் இருத்தி, ஆறுதலாக, நேரமெடுத்துக் காட்டு.