ஊஞ்சல் செய்த ஆக்கிரமிப்பு

புல்லுக்குத் தண்ணீர் ஊற்றக் காசில்லை, கக்கூசுக்குக் கதவு போடக் காசில்லை, கேட்டுக்குப் பூட்டு வாங்க மட்டும் உன்னிடம் காசு இருந்தது. உன் பெயர் என்ன, எந்த மாடியில் எந்த ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாய் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் "மேலிடம்" என்கிறார்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் எண்ணூர்ப் பக்கத்துப் புகைதான் தெரிகிறது. ஆனாலும் நீ இருக்கிறாய். நீதான் செய்தாய். உட்கார்ந்து கேள்.

தண்டையார்பேட்டையில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலைக்குக் கொஞ்சம் உள்தள்ளி ஒரு பூங்கா. பூங்கா என்றதும் பூவைத் தேடக் கூடாது. இரண்டு புங்கமரம். நடுவில் கிழிந்துபோன ஒரு சறுக்குமரம்; பிள்ளைகள் பாதி தூரம் சறுக்கி, மீதியைக் குதித்து முடித்துக்கொள்வார்கள். திறப்பு விழா அன்று மட்டும் தண்ணீர் பீய்ச்சிய நீரூற்று ஒன்று. அப்புறம் ஓர் ஊஞ்சல். கனத்த இரும்புக் குழாய், கனத்த சங்கிலி. போகும்போது ஒரு கீச்சு, வரும்போது ஒரு கீச்சு.

அந்தக் கீச்சில்தான் ஜெயக்கொடி வீட்டுத் தூக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெயக்கொடி அடுத்த தெருவில் காயலான் கடை வைத்திருப்பவள். பாவாடை கட்டிய வயசில் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகைக்குள் இரும்பு பொறுக்கியவள். பொறுக்கியதை விற்கக் கற்று, விற்ற இடத்திலேயே வாங்கக் கற்று, இன்றைக்குச் சொந்தத் தராசு, சொந்தக் கூரை. அவளிடம் பேரம் பேசி ஜெயித்துவிட்டுப் போனவன் அந்த வட்டாரத்தில் கிடையாது. கோபம் வந்தால் எடைக்கல்லைத் தூக்குவாள். போட்டதில்லை. ஆனால் தூக்குவாள்.

அவள் மகள் கார்குழலிக்குப் பதினொரு வயசு. பேச்சு வரவில்லை. சாயந்திரம் ஆறு மணியானால் அந்த ஊஞ்சலில் உட்கார வேண்டும். இருட்டும்வரை ஆடினால் தூங்கும். ஆடாவிட்டால் சுவரில் தலையை முட்டும், நெற்றி வீங்குகிற வரைக்கும். ஜெயக்கொடி கடையிலேயே டயரைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். பலகையைக் கயிற்றில் கட்டிப் பார்த்தாள். பிள்ளை உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, சத்தம் வராததால் இறங்கிப் போய்விட்டது. அதற்கு அந்தக் கீச்சு வேண்டும். பூங்காக் காவலாளி பொன்ராஜ் ஒருமுறை நல்ல மனசோடு சங்கிலிக்கு எண்ணெய் விட வந்தான். ஜெயக்கொடி டப்பாவைப் பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினாள்.

அந்தப் பூங்காவில் ஒருநாள் பூட்டு தொங்கியது. பக்கத்தில் புதுப் பலகை. "நிதிச் சிக்கன நடவடிக்கையை முன்னிட்டும், பொதுமக்களின் நலன் கருதியும், பொதுமக்கள் இப்பூங்காவினுள் பிரவேசிப்பது மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. இது உங்கள் பூங்கா."

உள்ளே பொன்ராஜ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய் பொன்ராஜு, உள்ள குந்திகினு இன்னா பண்ற?"

"காவல் காக்கிறேன்க்கா."

"யார்கிட்டருந்து?"

பொன்ராஜ் கொஞ்சம் யோசித்தான். "உங்ககிட்டருந்துதான்க்கா."

"அதான் பூட்டு கீதே. அப்பால நீ எதுக்கு?"

"பூட்டை எவனாச்சும் தூக்கினு பூட்டான்னா? எங்க பிரிவுக்கே ஒரே ஒரு பூட்டுதான் சாங்ஷன் ஆயிருக்குது."

அன்று ராத்திரி கார்குழலி சுவரில் முட்டியது. பக்கத்து வீட்டுக்காரர்களும் தூங்கவில்லை.

மறுநாள் ஜெயக்கொடி அலுவலகத்துக்குப் போனாள். பூங்கா மற்றும் பொழுதுபோக்குச் சிக்கனப் பிரிவு. அதிகாரி அன்பரசன். கையில் ஒரு கடிகாரம். இத்தனை அடி நடந்தால்தான் மனுஷன் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியேதான் பேசுவார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பேஜாரே. கெட்டவராக இருந்திருந்தால் எடைக்கல்லைத் தூக்கியிருக்கலாம்.

"பூங்காவை மூடலைம்மா," என்றார் மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து. "பயன்பாட்டு முறையை மாத்தியிருக்கோம். காட்சிவழிப் பொழுதுபோக்கு. உலகம் பூரா இப்ப இதான். கம்பிக்கு வெளிய நின்னு அஞ்சு நிமிஷம் பச்சையைப் பாத்தா போதும், மனசு லேசாயிடும்."

"பச்சை எங்க சார் கீது? புல்லு செத்து ரெண்டு வருசமாச்சு."

"அதனாலதாம்மா அஞ்சு நிமிஷம். பச்சை இருந்தா ரெண்டே நிமிஷம்தான்."

"சார், என் பொண்ணு பாக்க வாணாம். ஆடணும். ஒரு ஊஞ்சல் ஆடறதுக்கு கவர்மெண்ட்டுக்கு அப்டி இன்னா செலவு? அத்த சொல்லு."

அன்பரசன் ஒரு தாளில் எழுதிக்கொண்டே சொன்னார். விளக்கு, தண்ணீர், துப்புரவு, காவல், நீரூற்றுப் பராமரிப்பு. ஜெயக்கொடியின் முகம் தெளிந்தது. எதிராளி விலையைச் சொல்லிவிட்டால் அவளுக்கு அது சண்டை இல்லை, வியாபாரம்.

"விளக்கு இன்னாத்துக்கு? இருட்டறதுக்குள்ள ஆடி முடிச்சிடும். அடி."

அன்பரசன் தாளில் விளக்கை அடித்தார்.

"தண்ணி நாங்க தெருப் பொம்பளைங்க கொடத்துல ஊத்திக்கிறோம். அடி. பெருக்கறது நானே பெருக்கறேன், கடையில பெருக்கற கைதான் இது. அடி. நீரூத்து ஊத்தனதே இல்ல. அதுக்கு இன்னா பராமரிப்பு? யார்கிட்ட உதார் வுடற? அடி, ரெண்டு தபா அடி."

"காவல்?"

"பொன்ராஜு எங்களைத்தான் காக்கிறான். நாங்களே எங்களைக் காத்துக்கறோம். அடி!"

அன்பரசன் அடித்து முடித்துக் கூட்டிப் பார்த்தார். சுழி. அவருடைய உத்தியோக வாழ்க்கையில் இப்படி ஒரு சுழியை அவர் கண்டதில்லை. கண் கலங்கியது. மேஜையைச் சுற்றுவதையே நிறுத்திவிட்டார்.

"அம்மா, நீங்க மக்கள் பங்கேற்போட இலக்கணம்!"

"அதெல்லாம் அப்பால. சாவியக் குடு சார்."

"எந்தச் சாவிம்மா?"

"பூங்கா சாவி."

"செலவினத் தலைப்பு இருந்தாத்தாம்மா அது பூங்கா. தலைப்பு எல்லாத்தையும் நீங்களே அடிக்கச் சொல்லிட்டீங்க. இந்த நிமிஷத்துலருந்து அது பதிவேட்டுல காலி மனை. காலி மனைக்குப் பொதுமக்களை எப்படிம்மா அனுமதிக்க முடியும்?"

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஜெயக்கொடி, எதிராளி சொன்ன விலையைச் சுழியாக்கியும் வெறுங்கையோடு படியிறங்கினாள்.

அதோடு விட்டார்களா? காலி மனை என்றால் காலியாக இருக்க வேண்டாமா? பார்வையிட வந்தவர்கள் அங்கே ஓர் ஊஞ்சல் நிற்பதைக் கண்டு அதிர்ந்தார்கள். அரசு நிலத்தில், அனுமதியில்லாமல், காலை ஊன்றிக்கொண்டு! ஊஞ்சலின் மேல் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. "மேற்படி காலி மனையை ஆக்கிரமித்து நின்றுகொண்டிருக்கும் ஊஞ்சலாகிய தாங்கள், இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற பதினைந்து தினங்களுக்குள் தாமாகவே வெளியேற வேண்டியது. ஆட்சேபணை இருப்பின் நேரில் ஆஜராகித் தெரிவிக்கலாம்."

ஊஞ்சல் வெளியேறவில்லை. ஆஜராகவும் இல்லை. கடல் காற்றுக்கு லேசாக ஆடியது. அது "அலட்சிய மனப்பான்மை" என்று பதிவானது.

பதினாறாம் நாள் அதைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்பாக ஏலம் விட்டார்கள்.

ஏலத்துக்கு ஜெயக்கொடி போனாள். வண்ணாரப்பேட்டை ஜுபைரும் வந்திருந்தான். இரும்பு வியாபாரத்தில் அவளுக்கு நேர் போட்டி. அவளைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து நின்றான்.

"அக்கா, உன் பொண்ணு ஆடற ஊஞ்சல்தானே இது? நான் வாயே தொறக்கல. நீ எடு."

எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் விலை என்று ஒன்றைச் சொன்னார்களே! ஜெயக்கொடியின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இன்னா சார் இது, கலீஜு! குழாய் பூரா துரு. சங்கிலி தேஞ்சிகீது. ஆட்டிப் பாரு, இன்னா சத்தம் வருது! காது ஜவ்வு கிழியுது. இத்த எவன் வாங்குவான்? வெலையில கழிவு போடு. இன்னும் போடு."

கழிவு போட்டார்கள். இன்னும் போட்டார்கள். கிட்டத்தட்டச் சும்மா வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, ஜெயித்த முகத்தோடு பின்னாலேயே நடந்தாள். தெரு முனையில் வண்டி குலுங்கியது. கீச்சு என்றது. அங்கேயே நின்றுவிட்டாள். வாசலில் உட்கார்ந்திருந்த கார்குழலி அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடி வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் சற்றுமுன் கழிவு போட வைத்தாள்.

கடைக்கு நடுவில் குழி தோண்டி, ஒரு பக்கம் ஓட்டை வாஷிங் மெஷின், மறுபக்கம் லாரி அச்சு, நடுவில் ஊஞ்சலை நட்டாள். கார்குழலி ஆடியது. அன்று ராத்திரி தூங்கியது. மறுநாள் தெருப்பிள்ளைகள் வந்தார்கள். செத்த ஃப்ரிட்ஜ் மேல் வரிசையாக உட்கார்ந்து அவரவர் முறைக்குக் காத்திருந்தார்கள். ஆறு மணிக்கு மட்டும் ஊஞ்சல் கார்குழலிக்கு. அதை யாரும் சொல்லித் தரவில்லை, பிள்ளைகளே வைத்துக்கொண்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் சுபம். ஆனால் நம் காலத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தால் யாராவது அதைப் படம் பிடிக்காமல் இருக்கிறார்களா? தெருப் பையன் பிரகாஷ் செல்போனில் எடுத்து, பாட்டுச் சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டான். "காயலான் பார்க்!" ஒரே வாரத்தில் ஊர் பூராவும் பார்த்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் தெற்குப் பக்கத்திலிருந்து கார்கள் வந்தன. துரு இப்போது நாகரிகமாம். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கிழிந்த பேன்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவர்கள், ஓட்டை வாஷிங் மெஷினைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்தார்கள்.

"ஆன்ட்டி, தயவுசெஞ்சு எதுக்கும் பெயின்ட் அடிச்சிடாதீங்க. இந்த அழுக்கு ரொம்ப ஆத்தென்டிக்கா இருக்கு," என்றாள் ஒரு பெண்.

"அழுக்கு வோணும்னா எடுத்துகினு போ கண்ணு. கிலோ இன்னா வெலைக்குக் குடுக்கணும்?"

விளையாட்டுக்குச் சொன்னாள். அந்தப் பெண் ஓட்டை வாளி ஒன்றை, சொன்ன விலைக்கு, பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள். தெருவே சிரித்தது. ஜெயக்கொடியும் சிரித்தாள். பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அன்பரசன் மேளத்தோடு வந்தார். சால்வை வந்தது, ஜெயக்கொடி கைகூப்பி வாங்கிக்கொண்டாள். கடை வாசலில் நட ஒரு கல்வெட்டு வந்தது. "மக்கள் பங்கேற்பு மாதிரிப் பூங்கா. அரசுக்குச் செலவு: இல்லை." கூட்டத்தில் கைதட்டாதவன் இல்லை. ஜுபைர் தட்டினான், பிரகாஷ் படமெடுத்துக்கொண்டே ஒற்றைக் கையால் தொடையில் தட்டினான், பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு வந்து தட்டினாள். கைதட்டினதற்கெல்லாம் பின்னால் செலவு வரும் என்று யாருக்குத் தெரியும்?

கைதட்டல் ஓய்ந்ததும் ஜெயக்கொடி கேட்டாள். "சார், அந்தப் பழைய பூங்காவ எப்பத் தொறப்பீங்க?"

"அது எதுக்கும்மா இனிமே? இந்த வட்டத்துக்கு ஒரு பூங்கா போதும்னு இலக்கு. அதான் இது இருக்கே! இலக்கு முடிஞ்சுது." அன்பரசன் சுற்றிலும் பார்த்தார். சுற்றி நடக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் இரும்பு. அவர் முகம் மெல்ல மாறியது. "ஒண்ணே ஒண்ணுதாம்மா. பூங்காவுக்குள்ள காயலான் கடை நடத்த விதி இல்லையே?"

"இன்னாது?"

"நீங்க பூங்காவை ஆக்கிரமிச்சு வியாபாரம் பண்றீங்கம்மா."

ஜெயக்கொடி எடைக்கல்லைத் தூக்கினாள். கழுத்தில் சால்வை இருந்தது, எதிரில் பத்துச் செல்போன் இருந்தது. கீழே வைத்துவிட்டாள்.

இந்தத் தடவை நோட்டீஸ் தராசில் ஒட்டப்பட்டது. பதினைந்து நாளும் ஜெயக்கொடி அலுவலகப் படியேறினாள். "இது என் சொந்தக் கூரை" என்றாள். "பொதுச் சொத்துன்னு கல்வெட்டு இருக்கே" என்றார்கள். "கல்வெட்ட யார் நட்டது?" என்றாள். "நீங்க கைகூப்பி நிக்கிற படம் இருக்கே" என்றார்கள். சால்வை விழாவில் பிரகாஷ் எடுத்த படம்தான். அதையும் ஊர் பூராவும் பார்த்திருந்தது.

பதினாறாம் நாள், நிதிச் சிக்கன நடவடிக்கையை முன்னிட்டும், பொதுமக்களின் நலன் கருதியும், கடைக்குப் பூட்டுப் போட வந்தார்கள். ஆனால் பூட்டு? பிரிவுக்கே ஒன்றுதான். பொன்ராஜ் போய்ப் பழைய பூங்காவின் கேட்டிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்து இங்கே மாட்டினான். ஜெயக்கொடியின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"பொன்ராஜு, இப்ப யார்கிட்டருந்துடா காக்கிற?"

அவன் நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

ஆக, கேட்டுக்கொண்டிருக்கிற நீ கணக்கைச் சரியாகப் பிடித்துக்கொள். ஊஞ்சல் இருக்கிற இடம் பூட்டியிருக்கிறது. திறந்திருக்கிற இடத்தில் ஊஞ்சல் இல்லை. செலவு சுழி. பதிவேட்டில் எல்லாம் சுத்தம்.

இன்று சாயந்திரம் ஆறு மணிக்குக் கார்குழலி அந்தத் திறந்த கேட்டின் வழியாக உள்ளே போனது. ஊஞ்சல் கால்களைப் பெயர்த்தெடுத்த குழிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் போய் நின்றது. கண்ணை மூடிக்கொண்டது. உடம்பை முன்னால் சாய்த்தது, பின்னால் சாய்த்தது. பதினொரு வருஷமாகப் பேச்சு வராத அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து சத்தம் வந்தது. போகும்போது ஒரு கீச்சு. வரும்போது ஒரு கீச்சு.

ஜெயக்கொடி கேட்டருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிரகாஷ் பழக்கதோஷத்தில் செல்போனைத் தூக்கினான். அவள் பார்த்த பார்வையில் பையில் போட்டுக்கொண்டான்.

மேலிடத்தில் இருக்கிறவனே, ஆணோ பெண்ணோ, உன்னைத்தான். குழி தோண்டுகிற வேலைகூட உனக்கு இல்லை, குழி தயாராக இருக்கிறது. சாவி உன் மேஜையில் இருக்கிறது. இறங்கி வா. பூட்டைத் திற. ஊஞ்சலைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் குழியில் நட்டுக் கொடு, இருட்டுவதற்குள். மாலை வேண்டாம், மேளம் வேண்டாம், கல்வெட்டு வேண்டாம். எண்ணெய் விடாதே. பேரம் பேச ஜெயக்கொடி இந்தத் தடவை வரமாட்டாள்.