மாடி அறையில் நாலு நோயாளிகள்

இந்தப் பிப்ரவரியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வாழ்நாளில் ஒரு தடவையாவது ஓர் உயிரை வளர்த்து ஆளாக்கிக் காட்டுவது. பிள்ளைகள் இதில் சேர்த்தி இல்லை. அவர்களை வளர்த்தது என் மனைவி ஜீசா. நான் அவர்களுக்குக் கையாட்டிவிட்டு வேலைக்குப் போனவன்.

எங்கள் மால்டா சட்டம் வீட்டுக்கு நாலு கஞ்சாச் செடி வைத்துக்கொள்ளலாம் என்கிறது. தெருவில் போகிறவர் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். எங்கள் ஸெய்துன் ஊரில் தெருவுக்குத் தெரியாமல் தும்மக்கூட முடியாது. ஆனால் எங்கள் மொட்டைமாடியில் துணி துவைக்க ஓர் அறை உண்டு. ஜன்னலை அடைத்து ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் போதும். சட்டம் கொடுத்துவிட்டது. சம்சாரம் கொடுக்க வேண்டுமே!

ஜீசா நிபந்தனையோடுதான் கொடுத்தாள்.

"ஜூன்ல புனித கத்தரீன் திருவிழா வருதில்ல? அதுவரைக்கும் ரூம் உனக்கு. அன்னிக்குச் செடி செடியா நின்னா எப்பவும் உனக்குத்தான். வாடிப்போச்சுன்னா காலி பண்ணிட்டுக் கீழ வந்துரு. என் தையல் மிஷின் மேல ஏறும்."

உடனே சம்மதித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் சரக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். நாற்பது டன் பெட்டியைக் கண்ணாடித் தம்ளர் மாதிரி இறக்கி வைத்த கைக்கு நாலு விதை எந்த மூலைக்கு?

தக்காளி விழுது வரும் பெரிய தகர டப்பாக்கள் நாலு எடுத்தேன். எங்கள் ஊரில் எலுமிச்சங்கன்று வரைக்கும் அதில்தான் வளரும். மற்றவர்கள் அடியில் ஓட்டை போடுவார்கள். நான் போடவில்லை. சேறு வழிந்து தரை பாழானால் ஜீசா என்னைப் பாழாக்கிவிடுவாள்.

விதை முளைத்தது. ஊருக்கே சொன்னேன். பிறகு செடிகள் சுண்டுவிரல் உயரத்தில் நின்றன. நின்றன என்றால் நின்றேவிட்டன. மாதம் ஒன்று போனது. இலை மஞ்சளானது.

எங்கள் பேண்டு வாத்தியக் கிளப்பில் என் சிநேகிதன் வென்சுதான் இந்த விஷயத்தில் நிபுணன். போன வருஷம் அவன் செடி அவன் மார்புயரம் வந்தது. வென்சு குள்ளம்தான், இருந்தாலும் மார்பு மார்புதானே? அவனிடம் போய் நின்றேன்.

"மஞ்சளா இருக்கா? பசி. உரம் போடு."

முயல் கூண்டைக் காலி செய்து புழுக்கை போட்டேன். கடை உரமும் போட்டேன். இலை நுனி கருகிப் போனது.

"கருகுதா? அஜீரணம். உரத்த நிறுத்திட்டுத் தண்ணி ஊத்து."

ஊற்றினேன். கிணற்றில் சேர்ந்த மழைத் தண்ணீர் ஜீசாவின் பூச்செடிகளுக்கு என்பதால், கெட்டிலில் வெள்ளை பூக்கும் குழாய்த் தண்ணீரையே ஊற்றினேன். இலை தொங்கிவிட்டது.

"தொங்குதா? தாகம். இன்னும் ஊத்து ஸ்பீரு, கஞ்சத்தனம் பண்ணாத."

கஞ்சாவுக்குக் கஞ்சத்தனம் ஆகாது என்று காலையிலும் மாலையிலும் ஊற்றினேன். மாடி அறை குளிருமே என்று விளக்கைச் செடியின் தலைக்கு மேலேயே இறக்கி வைத்தேன். இலைகள் அப்பளம் மாதிரி சுருண்டன. இணையத்தில் ஒருவன் பேதி உப்புப் போடச் சொன்னான். மருந்துக்கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். வீட்டில் நாலு பேருக்கு என்றேன். அவர் ரொம்ப இரக்கத்தோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ஈஸ்டர் முடிந்து பாதிரியார் வீடுகளை மந்திரிக்க வந்தபோது அவரையும் மாடிக்கு ஏற்றினேன். "என்ன செடிப்பா?" என்று கேட்டார். "சட்டப்படியான செடி, ஃபாதர்" என்றேன். சற்று யோசித்துவிட்டு இரண்டு தடவை தீர்த்தம் தெளித்தார். அதுவும் தண்ணீர்தான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வைத்தியத்துக்கு நடுவே கீழே இறங்கி ஜீசாவுக்கும் ஒத்தாசையாக இருந்தேன். முயல் குழம்பு கொதிக்கும்போது மூடியைத் திறந்து உப்பு போதாது என்று சொல்வேன். அவள் அலமாரியைத் துறைமுக முறைப்படி, கனமானது அடியில், லேசானது மேலே என்று அடுக்கி வைத்தேன். அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டு நாள் சர்க்கரை கிடைக்கவில்லை. நன்றியை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மே மாதம் ஒரு செடி படுத்தேவிட்டது. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். சிரிக்காதீர்கள், எனக்கு அழுகை வந்தது. கையாட்டிவிட்டுப் போனவனுக்கு இதுவும் கொடுப்பினை இல்லை போலிருக்கிறது. கீழே போய், தோற்றுவிட்டேன், மிஷினை ஏற்றிக்கொள் என்று ஜீசாவிடம் சொன்னேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் வெளுத்துப் போயிற்று.

"அதெல்லாம் முடியாது. பேச்சுன்னா பேச்சு. திருவிழாவுக்கு இன்னும் நாள் கெடக்கு. நீ ஒண்ணு செய். கோசோ தீவுல உன் தம்பி வீட்டுக்குப் போயி ஒரு வாரம் மீன் புடி. செடிய நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறாளாமே! ஆட்டுக்கு ஓநாய் காவல். நான் என்ன நேற்றுப் பிறந்தவனா? சரி என்று தலையாட்டிவிட்டு, கடையில் இருந்ததிலேயே பெரிய பூட்டாக வாங்கி அறையைப் பூட்டினேன். சாவியைக் கழுத்தில் சிலுவையோடு சேர்த்து மாட்டிக்கொண்டு கப்பல் ஏறினேன். ஒரு வாரம் மீனும் கடிக்கவில்லை, எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தேன். பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. திறந்தால் நாலும் நிமிர்ந்து நிற்கின்றன. உச்சியில் பச்சைப் பசேலென்று புதுத் தளிர். படுத்த செடிகூட எழுந்து உட்கார்ந்திருந்தது. விளக்கு சற்று உயரத்தில் இருப்பது போலத் தோன்றியது. சந்தோஷத்தில் எல்லாமே உயரமாகத்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன். பேதி உப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும் போலிருக்கிறது என்று எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் ஜீசாவும் மாறினாள். உனக்கு முழங்கால் வலிக்குமே என்று தண்ணீர்க் கேனை அவளே நிரப்பி வைத்தாள். அரைக் கேன்தான், அதுவும் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான். தோல்வி நிச்சயமானதும் மனுஷிக்குப் பணிவு வந்துவிட்டது என்று உள்ளுக்குள் பரிதாபப்பட்டேன். செடிகள் முழங்கால் தாண்டின. இடுப்பைத் தொட்டன.

திருவிழா அன்று தெருவெல்லாம் கொடியும் வேட்டும். வென்சுவை மாடிக்கு அழைத்துப் போனேன். அவன் பிளந்த வாயை மூடவில்லை. உப்பின் மகிமை பற்றி அவனுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். வேரின் கனத்தைப் பார் என்று ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். அவன் குனிந்து அடியில் தடவினான்.

"இந்த ஓட்டையெல்லாம் எப்ப போட்ட?"

எட்டிப் பார்த்தேன். ஓட்டைகள், பொத்தான் தைக்கலாம் போல வரிசையாக இருந்தன. அது தொழில் ரகசியம் என்று சொல்லி அவனைக் கீழே அனுப்பிவிட்டு, நேரே சமையலறைக்குப் போனேன்.

"ஜீசா, டப்பாவுல ஓட்டை இருக்கு."

"இருக்கும்."

"யார் போட்டது?"

"கத்தரீனம்மாவா பீடத்துலேர்ந்து எறங்கி வருவாங்க? நான்தான் போட்டேன்."

"நான் பூட்டிட்டுல்ல போனேன்!"

"பூட்டு உன்னோடது. கதவு கீல் வெளிப்பக்கம் இருக்கு மனுஷா. நாலு திருகாணி."

வெங்காயம் நறுக்கியபடியே மீதியையும் சொன்னாள். தண்ணீர் போக வழியில்லாமல் வேர் அழுக ஆரம்பித்திருந்ததாம். ஓட்டை போட்டு, நான் கொட்டிய உரத்தையும் உப்பையும் கிணற்றுத் தண்ணீரால் அலசி விட்டாளாம். விளக்கை இரண்டு சாண் ஏற்றிக் கட்டினாளாம்.

"அப்புறம் என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. அதான் வைத்தியம். அது உனக்கு வராது."

இவளைப் போய் ஓநாய் என்று நினைத்தேனே! தான் ஜெயிக்க வேண்டிய பந்தயத்தில் என்னை ஜெயிக்க வைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனசை நான் பார்க்கவில்லை. ஜீசாவின் தோளைத் தொட்டேன்.

"செடிய விட்டிருந்தா ரூம் உனக்குக் கெடச்சிருக்கும். உன் தையல் மிஷின்... எனக்காகவா விட்டுக் குடுத்த?"

"தையல் மிஷினா? அத வித்து ரெண்டு வருஷமாச்சு ஸ்பீரு." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "செடி செத்தா நீ நாள் பூரா கீழல்ல இருப்ப!"

செடிகள் இப்போது மொட்டு விட்டிருக்கின்றன. என் சாப்பாடும் மாடிக்கே வந்துவிடுகிறது.