மூணு பங்காரப்பேட்டை தூரம்

இந்த பெங்களூரில் வண்டி ஓட்டத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். மீதி எல்லோரும் முன்னால் போகிற வண்டியின் டிக்கியில் ஏறி உட்காரத் துடிப்பவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான், இப்போது திருந்திவிட்டேன். ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் எனக்கும் முன்வண்டிக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி திரும்புகிற அளவு இடம் விட்டுத்தான் ஓட்டுகிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். ஹாரன் அவர்களுடையது, பம்பர் என்னுடையது.

அந்த ஒரே ஒருவருக்கு எங்கள் ஆபீஸ் வைத்த பெயர் மூணு செகண்டு. சொந்தப் பெயர் டிரிப் ஷீட்டில் இருந்தது, அதை யாரும் படித்ததில்லை. ஜோகுபாளையத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வைட்ஃபீல்டில் இருந்த எங்கள் கம்பெனிக்குக் காலை ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் வண்டி அவருடையது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஸ்டீபன் சாரை ஏற்றிக்கொண்டு, வழியில் இன்னும் இரண்டு பேரை அள்ளிக்கொண்டு, கடைசியாக அல்சூரில் என் அறை இருந்த சந்துக்கு வருவார். நான் திருப்பத்தூரிலிருந்து வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் இவர் வாய்விட்டு எண்ண ஆரம்பிப்பார். வெறுமனே ஒன்று, இரண்டு, மூன்று என்றால் அவசரத்தில் ஒரே மூச்சில் முடிந்துவிடுமாம். அதனால் ஒவ்வொரு எண்ணோடும் மாமியார் ஊரைச் சேர்த்துக்கொள்வார். "ஒண்ணு பங்காரப்பேட்டை, ரெண்டு பங்காரப்பேட்டை, மூணு பங்காரப்பேட்டை." மூன்றாவது பங்காரப்பேட்டை முடிவதற்குள் எங்கள் வண்டி அந்தக் கம்பத்தைத் தொட்டுவிட்டால், ரொம்பக் கிட்டே போய்விட்டோம் என்று அர்த்தம். உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். மழை பெய்தால் ஆறு பங்காரப்பேட்டை. சிக்னலில் நின்றால் வேறு சட்டம்: முன்வண்டியின் பின் டயர் ரோட்டைத் தொடுகிற இடம் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாத தூரத்தில் அவர் நின்று நான் பார்த்ததில்லை.

பெங்களூரில் காலியாக இருக்கிற இடத்தை யாராவது விட்டு வைப்பார்களா? நாங்கள் விட்ட இடத்தில் முதலில் ஒரு ஆட்டோ நுழையும். மூணு செகண்டு கோபப்பட மாட்டார். ஆட்டோவுக்கும் எங்களுக்கும் நடுவே புதிதாக ஒரு இடம் விடுவார். அதில் தண்ணீர் கேன் டெம்போ ஒன்று வந்து உட்காரும். அதற்குப் பின்னால் இன்னொரு இடம். டின் ஃபேக்டரி ஸ்டாப் வருவதற்குள் பாதி ஊர் எங்களுக்கு முன்னால் போயிருக்கும். இந்த ரேட்டில் போனால் நாம் பின்பக்கமாகவே திரும்பவும் அல்சூர் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று ஸ்டீபன் சார் ஒருமுறை கண்ணைத் திறக்காமலே சொன்னார். அவர் வண்டியில் கண்ணைத் திறந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

இவ்வளவு பிடிவாதத்துக்குப் பின்னால் ஏதோ பெரிய சோகம் இருக்கும், எப்போதோ ஒரு விபத்து நடந்திருக்கும் என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"முப்பது வருஷமா ஓட்றேன். ஒண்ணும் ஆவல," என்றார். "ஏன் ஆவலன்னு நெனைக்கிற?"

முன்பக்கத்தை இப்படிக் காப்பாற்றியவருக்குப் பின்பக்கம்தான் பிரச்சினை. பின்னால் வருகிறவன் இடம் விட வேண்டுமே. அதற்காகப் பின் கண்ணாடியில் அட்டை ஒட்டினார். சொந்த வாசகம், சொந்தக் கையெழுத்து, உள்பக்கமிருந்து செலோடேப். "என் பிரேக் நல்ல பிரேக். உன் பிரேக் எப்படி?" இதைத் தமிழில் மட்டும் எழுதினால் கன்னடக்காரர் கோபித்துக்கொள்வார் என்று கன்னடத்திலும் எழுதினார். சிவாஜி நகர் ஆட்களை விட்டுவிடக் கூடாது என்று உருதுவில் ஒரு வரி. ஐடி கூட்டத்துக்கு இங்கிலீஷில் ஒரு வரி. யார் மனசும் நோகாத அட்டை. ஆனால் நாலு மொழியும் ஒரே அட்டையில் அடங்க வேண்டுமென்றால் எழுத்து என்ன அளவில் இருக்கும்? ஜவ்வரிசி அளவில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும், அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று படிப்பதற்காகவே கிட்டே வந்தார்கள். மூன்றாம் நாள் மகாதேவபுரா பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர்காரர் இங்கிலீஷ் வரி வரைக்கும் படித்துவிட்டு எங்கள் பம்பரில் வந்து முட்டினார்.

மூணு செகண்டு இறங்கிப் போய் ஆளுக்கு அடி பட்டதா என்று பார்த்தார். படவில்லை. அடுத்து, நாலு வரியையும் படித்தாயா என்று விசாரித்தார். படித்தேன் என்றார் அந்த மனிதர். முழுசாகப் படித்த முதல் ஆள் என்று கை கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு மொழி, பெரிய பெரிய எழுத்தில். வெள்ளிக்கிழமைதான் தமிழ்.

இதெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது நான் அவர்மேல் கொலைவெறியில் இருந்தேன். ஒன்பதே காலுக்கு லாகின். டிராஃபிக் குறைந்த நாட்கள் போக, ஒரே மாதத்தில் ஐந்து நாள் லேட். டீம் லீட் என்னைக் கூப்பிட்டு, புரொபேஷனில் இருக்கிற பெண் இப்படி வந்தால் எப்படி என்று கேட்டார். நான் சீட்டுக்குப் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் திரட்டி டிரான்ஸ்போர்ட் டெஸ்குக்கு ஒரு மெயில் போட்டேன். டிரைவர் தேவையில்லாமல் இடம் விடுகிறார், எல்லா வண்டியும் எங்களைத் தாண்டிப் போகிறது, இவரால்தான் நாங்கள் லேட்.

அன்று சாயங்காலமே டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டார். கண்ணாடியில் இருக்கிற அட்டையை எடு, முன்வண்டியை ஒட்டிப் போ, இன்னொரு முறை லேட் என்றால் வண்டியை ரூட்டிலிருந்து தூக்கிவிடுவேன் என்றாராம். அந்த வயதில் அவரைப் புதிதாக எந்தக் கம்பெனியும் எடுக்காது. அது அவருக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். மூணு செகண்டு சொன்ன பதில் அடுத்த நாள் கேன்டீன் வரைக்கும் வந்துவிட்டது.

"அட்டைய எடுத்துர்றேன் ஸார். எடத்த எடுக்க மாட்டேன்."

அடுத்த வாரம் ஒரு காலை நான் சந்து முனைக்கு ஓடி வந்தபோது வண்டியின் முன் சீட்டில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். மடியில் டிரிப் ஷீட், கையில் ஸ்டாப்வாட்ச் ஓடுகிற போன். என் தலை ஈரம், ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் செருப்பு. மணி எட்டு பத்தொன்பது. என் பிக்கப் நேரம் எட்டு பத்து.

இதில் எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. நான் தினமும் வருகிற நேரம் அதுதான். சூப்பர்வைசர் பழைய ஷீட்டுகளைப் புரட்டினார். என் பெயருக்கு எதிரே எல்லா நாளும் எட்டு பத்து, எட்டு பத்து என்று மூணு செகண்டின் கையெழுத்து. அதன்மேல் நான் பார்க்காமலே போட்ட கையெழுத்து. என்ன இது என்பதுபோல அவர் டிரைவரைப் பார்த்தார்.

"டெய்லி கரெக்டா வந்துரும் ஸார் இந்தப் பொண்ணு," என்றார் மூணு செகண்டு. "இன்னிக்கு இன்னாவோ லேட்டு."

வண்டி கிளம்பியது. பங்காரப்பேட்டை வழக்கம்போல ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கிறாரே என்று ஒரு அரை பங்காரப்பேட்டைகூட அவர் குறைக்கவில்லை. எங்களுக்கு முன்னால் நுழைந்த ஒவ்வொரு வண்டிக்கும் சூப்பர்வைசர் ஷீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டார். கோடுகளே ஒரு கோலம்போல ஆகிவிட்டன. எனக்கு அப்போதுதான் கம்பெனியின் இன்னொரு விதி ஞாபகம் வந்தது. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு டிரைவர் கிளம்பிவிட வேண்டும், வராத ஆளுக்கு நோ-ஷோ. மூன்று நோ-ஷோ என்றால் வண்டி வசதி கட். அந்தக் கணக்கில் எனக்கு வந்த முதல் வாரமே கட் ஆகியிருக்க வேண்டும்.

கேட்டில் நின்றதும் சூப்பர்வைசர் போனை எல்லோருக்கும் காட்டினார். ஒன்பது இருபத்திநாலு. "நோடி, பாருங்க, ஒம்பது நிமிஷ லேட்டு. எல்லாம் இவர் வுடற எடம்தான். நாளையிலேர்ந்து வேற வண்டி."

மூணு செகண்டு ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. இப்போதாவது என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று பார்த்தேன். அவர் துணியை மடித்து டேஷ்போர்டில் வைத்தார்.

"ஸார், அந்த ஒம்பது நிமிஷம் என்னோடது," என்றேன். "எட்டு பத்தொம்போதுக்கு ஏறினேன், ஒம்பது இருபத்திநாலுக்கு வந்திருக்கோம். எட்டு பத்துக்கு ஏறியிருந்தா ஒம்பதே காலுக்கு வந்திருப்போம். அவர் வுட்ட எடத்தால ஒரு நிமிஷம்கூடப் போகல. நான் டெய்லி லேட்டு. ஷீட்ல இருக்கிறது பொய். அந்த மெயில் போட்டதும் நான்தான்."

சூப்பர்வைசர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அப்போது பின் சீட்டில் ஸ்டீபன் சார் கண்ணைத் திறந்தார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"எனக்கு இந்த ஒரு வண்டிலதான் ஸார் தூக்கம் வருது," என்றார். "முன்னாடி இருந்த டிரைவர் வண்டில ஜெபம்தான் வரும்."

மூணு செகண்டுக்கு ரூட் மிச்சமானது. பொய்யாக நேரம் எழுதியதற்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். எனக்கு ஒரு மாதம் வண்டி கட். நியாயம்தான். சூப்பர்வைசர் போன பிறகு அவரிடம் போய், ஏன் அண்ணா எனக்காக இப்படிப் பொய் எழுதினீங்க என்று கேட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பேர் தெரியாத ஆட்டோக்காரனுக்கு எடம் வுடறேன். டெய்லி என் வண்டில வர்ற பொண்ணு நீ, உனக்கு வுட மாட்டனா?" என்றார். மெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றே அட்டையைத் திரும்ப ஒட்டிவிட்டார், முன்னைவிடப் பெரிய எழுத்தில்.

ஒரு மாதம் மெட்ரோவில் போனேன். அங்கே ஒருத்தர் முழங்கை இன்னொருத்தர் விலாவில். பங்காரப்பேட்டைக்கு வேலையே இல்லை. மாதம் முடிந்து மறுநாள் வண்டி என்கிறபோது அவரே போன் செய்தார். உனக்கு பிக்கப் நேரத்தை மாத்திட்டாங்கம்மா, இனிமே எட்டு மணி, ஆப்பில் பழைய நேரம்தான் காட்டும், அதைப் பார்க்காதே என்றார். வீம்பு வந்துவிட்டது எனக்கு. அடித்துப் பிடித்து எட்டு ஒன்பதுக்குச் சந்து முனையில் நின்றேன். வண்டி எட்டு பத்துக்குத்தான் வந்தது.

"என்னண்ணா, நீங்களே லேட்டு," என்றேன்.

"டிராஃபிக்கும்மா," என்றார்.

நாலைந்து மாதம் தினமும் பத்து நிமிஷம் லேட்டாக வருகிறார் என்று அவரைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தேன். அவர் எண்ணிக்கொண்டே ஓட்டுவார். ஒருநாள் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். என் பிக்கப் நேரம் எட்டு பத்து. யாரும் எதையும் மாற்றவே இல்லை. எனக்கு முன்னால் பத்து நிமிஷம் இடம் விட்டிருந்தார்.

தெரிந்துகொண்டேன் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அந்தக் கம்பெனியை விடும்வரை எட்டு மணிக்கே போய் நின்று அவருக்காகக் காத்திருந்தேன்.