நாலாவது ஆள்

"வீடியோவுல மூணு பேருதான் இருக்காங்க. போஸ்டர்ல நாலு பேரு. மிச்சம் ஒருத்தர் எங்கம்மா?"

முதலாளியின் குரலில் கோபமே இல்லை. சுருள் அவர் மேசையில் கிடந்த போஸ்டரைக் குனிந்து பார்த்தாள்.

'கரண்ட் கட்' என்பது நிஜத்தில் இல்லாத இசைக்குழு. ஆட்கள் எல்லாரும் சுருள் வேலை பார்க்கும் கார்ட்டூன் ஸ்டுடியோவின் கம்ப்யூட்டருக்குள் குடியிருப்பவர்கள். மூன்றடிப் பெண் ஒருத்தி ராப் பாடுவாள். எட்டடிக் கரடி டிரம்ஸ் அடிக்கும். ஒரு கொக்கு கீபோர்டைக் கொத்தும். அவர்களுடைய முதல் ஹிப் ஹாப் பாட்டு, 'சார்ஜ் இல்ல', நேற்றுதான் வெளியானது. வீடியோவில் அவர்களை ஆட வைத்தவள் சுருள். தலைமுடியால் வந்த பெயர்.

போஸ்டரில் கொக்குக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒருவர் நின்றார். முழுக்கைச் சட்டை. இரண்டு கைகளும் தொங்க, பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர் போல நேராக. இவரைச் சுருள் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

எந்தக் காட்சியில் யார் வர வேண்டும் என்று அவளிடம் கொடுத்திருந்த பட்டியலில் மூன்று பேர்தான். அப்படியானால் ஒரு பக்கம் தொலைந்திருக்கிறது. தொலைத்தது தானாகத்தான் இருக்கும். இதற்கு முன் இரண்டு தடவை பக்கங்களைத் தொலைத்து எச்சரிக்கை வாங்கியவள் அவள். ஆறு மாதச் சோதனைக் காலம் வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இப்போது இன்னொன்று என்றால் வேலை நிரந்தரமாகாது. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கேட்டுத் தெளியலாம் என்றால், ஆட்களை வரைந்த பென்சில் அக்கா தன் கல்யாணத்துக்கு லீவில் போய், போனையும் அணைத்து வைத்திருந்தாள்.

"அவருக்குத் தொண்டை ஆபரேஷன் சார்."

"கார்ட்டூனுக்கா?"

"கதைப்படி சார்."

முதலாளி போஸ்டரை இன்னொரு முறை பார்த்தார். பிறகு பிரமாதம் என்றார். தன் கையாலேயே அதைக் குழுவின் இணையப் பக்கத்தில் அறிவித்தும் விட்டார்.

மத்தியானத்துக்குள் ஊர் உலகமெல்லாம் கவலைப்பட ஆரம்பித்தது. வெந்நீர் குடிக்கச் சொன்னார்கள். எந்த மருத்துவர் என்று விசாரித்தார்கள். கரடிக்கும் கொக்குக்கும் நடுவில் அலட்டிக்கொள்ளாமல் நிற்கிறாரே, இவர்தான் குழுவின் மூளை என்று ஒருவர் கட்டுரையே எழுதினார். வீட்டுக்குப் போனால் சுருளின் அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தொண்டைக்காரர் எப்படி இருக்காருடி? பாத்தா நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி தெரியுது."

மறுநாள் முதலாளி, நாலாமவர் படுக்கையில் ஓய்வெடுப்பதுபோல் ஒரு சின்ன வீடியோ கேட்டார். சுருள் தேடியவரை அந்த மனிதருக்கு நிற்கிற படம் ஒன்றுதான் இருந்தது. புதிதாக வரைய அவளுக்குக் கை வராது. இருந்ததைப் பக்கவாட்டில் திருப்பி, கட்டிலில் கிடத்தி, கழுத்துவரை போர்வையை இழுத்து விட்டாள்.

கண்ணை மூட மறந்துபோனாள்.

விழித்த கண் விழித்தபடி, விறைத்துக் கிடந்தவரைப் பார்த்ததும் அழுகைச் செய்திகள் குவிந்தன. ஆள் போய்விட்டார், ஸ்டுடியோ மறைக்கிறது என்றார்கள். சாயங்காலம் வாசலில் மலர்வளையத்தோடு நாலு பேர் நின்றார்கள். முதலாளி அவர்களிடம், ஆள் நன்றாக இருக்கிறார், நாளை அவரே பேசுவார் என்று வாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.

பேசுவதற்குக் குரல் வேண்டுமே. சுருள் ஒலிப்பதிவு அறைக்கு ஓடி, சவுண்டு அண்ணனின் காலில் விழாத குறையாகக் கேட்டாள்.

"பாட்டுல மொத்தமே மூணு பேரு சத்தம்தாம்மா. நாலாவதுன்னு ஒரு ஆளே என் காதுல விழலையே."

"எனக்கும்தாண்ணே கண்ணுல படல. ஏதாவது பேசுங்க, என் வேலை போயிடும்."

அண்ணன் மைக்கின் முன் உட்கார்ந்தார். ஆபரேஷன் ஆன தொண்டையால் என்ன பேச முடியும் என்று வெகுநேரம் குழம்பினார். கடைசியில் "ம்" என்றார்.

அந்த ஒரு "ம்" பத்து லட்சம் பேரைத் தாண்டிப் போனது. எவ்வளவு வலி, எவ்வளவு அடக்கம் என்று உருகினார்கள். 'சார்ஜ் இல்ல' பாட்டை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. வியாழக்கிழமை முதலாளி எல்லாரையும் கூட்டி, அடுத்த பாட்டு முழுக்க நாலாமவருக்கே என்றார். கரடியும் கொக்கும் பின்னால் நின்று கைதட்டினால் போதுமாம்.

வெள்ளிக்கிழமை காலை வரவேற்பறையில் ஆளுயர அட்டை உருவமாக நாலாமவர் எழுந்தருளினார். அதன் அருகிலேயே முதலாளி, வேலை நிரந்தரம் என்ற கடிதத்தைச் சுருளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டாள். இந்த மனிதர் யார், எங்கிருந்து வந்தார், என்ன வாசிப்பார் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

அப்போதுதான் லீவு முடிந்து பென்சில் அக்கா புதுக் கணவரோடு உள்ளே வந்தாள். முதலாளி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு ஆளைப் படைக்க உன்னால் மட்டும்தான் முடியும் என்று நெகிழ்ந்தார்.

அக்கா அட்டை உருவத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரா? மத்த மூணு பேரும் எவ்வளவு உயரம்னு தெரியறதுக்காகப் பக்கத்துல சும்மா நிக்க வச்ச ஆளாச்சே சார். வீடியோவுல சுருள் சரியா மூணு பேரைத்தானே ஆட வச்சிருக்கா, போஸ்டர்ல யாரு இவரை அழிக்காம விட்டது?"